சூடு ஆறாத அச்சு

அந்த அச்சு காய்ந்து போயிருக்க வேண்டும்.

விடுமுறைக்காகப் பல்செட் செய்யும் லேபைப் பூட்டி நாலைந்து நாளாகிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில், கூரியர்க்காரர் சாமான் போட்டுவிட்டுப் போகும் பெட்டிக்குள், யார் அனுப்பியது என்று ஒரு சீட்டுகூட ஒட்டாமல் அந்தப் பிளாஸ்டிக் டப்பா கிடந்தது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாய்க்குள் இளஞ்சிவப்புப் பசையை வைத்து, இறுகியதும் எடுத்து அனுப்புகிற அச்சு. மேல்வாய்க்கு ஒன்று, கீழ்வாய்க்கு ஒன்று. காற்றுப் பட்டால் ஒரு ராத்திரிகூடத் தாங்காத சாமான் அது. சுருங்கும், வெடிக்கும், அப்புறம் குப்பைக் கூடைக்குத்தான் லாயக்கு. ஆனால் அவள் டப்பாவைத் திறந்தபோது மூடியின் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது, உள்ளேயிருந்து யாரோ வாயால் ஊதிக்கொண்டே இருந்த மாதிரி. அச்சு ஈரமாக இருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாகவும் இருந்தது.

யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வருஷக்கணக்காகப் பல்செட் செய்து பழகிய கை, ஈரமான அச்சைக் கண்டால் யாரையும் கேட்காது. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்தவள் யார் வீட்டுப் பால் என்றா விசாரிப்பாள்? ஓடிப்போய் இறக்கத்தானே செய்வாள். அவளும் ரப்பர் கிண்ணத்தை எடுத்து, பிளாஸ்டர் மாவைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் கிளறினாள். அதிர்வுப் பெட்டியின் சுவிட்சைத் தட்டியதும் அது மேஜையோடு சேர்ந்து உறுமத் தொடங்கியது. அதன் மேல் அச்சைப் பிடித்து ஓரத்திலிருந்து மாவை விட்டாள். பெட்டியின் நடுக்கத்தில் மாவு ஒவ்வொரு பல்லின் குழிக்குள்ளும் மெதுவாக இறங்கி நிறைந்தது. இனி இறுக வேண்டியதுதான். இறுகும்போது மாவு தானே சூடேறும், பிறகு ஆறும், ஆறியதும் பிரிக்கலாம்.

வெளியே நல்ல பகல். எதிரே கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்குப் போயிருந்தன. ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் அலமாரி அலமாரியாக மாடல்கள், வெள்ளை வெள்ளையாக, யார் யாருடைய வாய்களோ. மற்ற நாட்களில் அவை கண்ணிலேயே படாது. ரேடியோ பாடும், ஆட்கள் கத்துவார்கள், "பல்லக்கா, இந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிடுவார்கள். பல்லக்கா என்பது அங்கே அவளுக்கு விழுந்த பேர். இன்றைக்கு அந்த வாய்களும் அவளும் மட்டும்தான்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு இன்று அங்கே ஒரு வேலையும் இல்லை. ஓனரிடம் சாவியைக் கேட்டு வாங்கியதே ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும் என்றுதான். இது வருஷக் கடைசி லீவு. போன வருஷம் இதே லீவில், சொந்தபந்தம் எல்லோருமாகச் சேர்ந்து நீச்சல் குளம் உள்ள ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்தார்கள். சிரிப்பு, கும்மாளம், கேலி. சிட்டு எங்கே என்று யாரோ கேட்டார்கள். அம்மாவிடம் இருக்கிறாள் என்றார் மாமா. பெரியம்மாவிடம் இருக்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். ஆளாளுக்கு இன்னொருவரிடம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பெற்ற மூத்த பெண் தண்ணீருக்கு அடியில் இருந்தாள்.

"இந்த மாசம் கஷ்டமாத்தான் இருக்கும்," என்று சொல்லியிருந்தாள், ஆஸ்பத்திரியில் மனசு சரியில்லாதவர்களோடு உட்கார்ந்து பேசும் அந்த அம்மாள். "கூப்பிட்டதுக்கெல்லாம் தலையாட்டாதீங்க. சொந்தக்காரங்க கூடற எடத்துல ஒரு மணி நேரம் போய் உக்காந்துட்டு வந்தாலும் போதும். ஆனா போங்க. உங்க பையனுக்காகப் போங்க." அவளும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். கணவன் பஸ் டிரைவர். ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவனுக்கு இரட்டை டூட்டி. அதனால் காலையிலேயே பையன் குண்டுவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி, நேராக இங்கே வந்து பூட்டைத் திறந்தாள்.

போன் அடித்தது. அக்கா.

"எங்கடி இருக்க?"

"லேப்ல."

"லேபா? லீவு நாள்ல யாருக்குடி பல்லு கட்டுற? பேய்க்கா?"

"ஒரு அர்ஜென்ட் வேலைக்கா. முடிச்சிட்டு வந்துடறேன்."

"உன் அர்ஜென்ட் எனக்குத் தெரியாதா?" அக்காவின் குரல் இறங்கியது. "இங்க பாரு, யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் சொல்லி வச்சிருக்கேன். வந்து ஒரு ஓரமா உக்காரு, போதும். குண்டு வாசலையே பாத்துட்டு நிக்கிறான்டி. இந்தா, அவன்கிட்டயே பேசு."

மூச்சுச் சத்தம் முதலில் வந்தது. "அம்மா, சாயங்காலம் நான் பாடப் போறேன். எல்லார் முன்னாடியும்."

சிட்டு போனதிலிருந்து குண்டு வாயைத் திறந்து பாடியதே இல்லை. முன்பெல்லாம் குளிக்கும்போது, சாப்பிடும்போது, கழிவறையில்கூட இரண்டும் சேர்ந்து கத்தும். ஒரு வருஷமாக வீடு ஊமையாகக் கிடந்தது.

"நீ வந்தாத்தான் பாடுவேன். இருட்டறதுக்குள்ள வந்துடுவியா?"

"வந்துடறேன்டா கண்ணு."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொன்னபோது போகத்தான் நினைத்தாள். இந்த ஒரு அச்சைப் பிரித்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

மாவு ஆறவில்லை. மேஜையைத் துடைத்து, கிண்ணத்தைக் கழுவி, இருக்கிற கத்திகளையெல்லாம் வரிசையாக அடுக்கி முடித்தும் ஆறவில்லை. ஜுரம் பார்க்கிறவள் மாதிரிப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மாவின் சூடு காய்ந்த சூடாக இருக்கும். இது ஈரச் சூடு, உடம்புச் சூடு. சரி, இந்த மூட்டை மாவு கொஞ்சம் மட்டம் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஓரத்தில் கத்தியைக் கொடுத்து நெம்பினாள். சளக்கென்ற சத்தத்தோடு மாடல் வெளியே வந்தது. அச்சின் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் அவ்வளவு தண்ணீர் விடவில்லை. அதிலிருந்து குளோரின் வாடை வந்தது.

குழந்தையின் வாய். பால்பற்கள். கீழ்வரிசையில் இடப்பக்கம் இரண்டு பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்து, நடுவில் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஓடியது. மேலே முன்பல்லின் முனையில் ஒரு சின்ன உடைசல், குளியலறை வாளியில் மோதிக்கொண்ட அன்று ஏற்பட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊரில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒட்டுப்பல் இருக்கலாம். ஆயிரம் குழந்தைகள் வாளியில் மோதிக்கொள்ளலாம். ஆனால் தினமும் இரண்டு வேளை தன் கையால் தேய்த்துவிட்ட பற்களை ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா? அதுவும் பல்லே பிழைப்பாக இருக்கிறவளுக்கு? "சிட்டு," என்றாள், சத்தமாகவே. ஒரு வருஷமாக அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அடக்க அடக்க வந்தது.

மறுபடி போன். குண்டு கத்தினான். "அம்மா! பல்லு விழுந்துடுச்சு! கீழ்ப்பல்லு! ஆடவே இல்ல, தானா கையில வந்துடுச்சு!"

"அடடே, பெரிய மனுஷன் ஆயிட்டியே," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆறு வயது. விழுகிற வயதுதான். அவளுக்கு அப்போது அது நல்ல சேதியாகத்தான் பட்டது.

போனை வைத்துவிட்டு அச்சைக் குப்பையில் போடத் திருப்பினாள். அந்தப் பசை ஒரு தடவைக்கு மேல் உதவாது. மாடலைப் பிரிக்கும்போதே பிய்ந்து, பல்லுக்குப் பல் கிழிந்து நிற்கும். இந்த அச்சில் ஒரு கீறல்கூட இல்லை. ஈரமாக, பளபளவென்று, இப்போதுதான் வாயிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை ஊற்றினால் வருமா என்று பார்க்கத்தான் நினைத்தாள். பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது? வெயில் இன்னும் மேஜை மேல்தான் இருந்தது. நேரம் கிடக்கிறது.

மாவைக் குழைத்தாள். ஊற்றினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளோரின் வாடை அறை முழுக்கப் பரவி, அந்தப் பங்களாவின் ஈரத் தரையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அடுத்த அறையில் குழாய் சொட்டுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தாள். குழாய் காய்ந்திருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி சொட்டியது.

இரண்டாவது மாடலைப் பிரித்ததும் அவள் கை வாய்க்குப் போனது. ஒட்டுப்பல் விழுந்திருந்தது. அந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்த்தது. மேலே உடைந்த முன்பல்லைக் காணோம். அதன் இடத்தில் இரண்டு பெரிய முன்பற்கள், முனையில் ரம்பம் மாதிரி சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களோடு, புத்தம் புதிதாக முளைத்திருந்தன. ஏழெட்டு வயதில் முளைக்கிற பற்கள். சிட்டு இருந்திருந்தால் இந்த வருஷம் முளைத்திருக்க வேண்டிய பற்கள்.

"வளந்துட்டியாடி," என்று கேட்டாள். "எங்கிட்டச் சொல்லாமலே வளந்துட்டியா?" சிரித்தாள். மேல்வாயையும் கீழ்வாயையும் பொருத்தி மேஜை மேல் வைத்து, கன்னத்தை மேஜையில் சாய்த்து, அந்தப் பற்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சில் பாரம் இல்லாமல் மூச்சு வந்தது. அணைக்க மறந்த அதிர்வுப் பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பற்கள் அதற்கு ஏற்ப லேசாக மோதிக்கொண்டன. டக்டக்டக். எட்டிப் பெட்டியை அணைத்தாள்.

உறுமல் நின்றது.

டக்டக்டக்.

அவள் அசையவில்லை. மேஜை அசையவில்லை. பற்கள் மட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன, குளத்திலிருந்து ஏறிவந்து துண்டு கேட்டு நிற்கிற குழந்தைக்குத் தாடை அடித்துக்கொள்ளுமே, அப்படி.

போன் அடித்ததும் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய், பயப்படாத," என்றாள் அக்கா. பயந்திருந்தது அவள் குரல்தான். "குண்டுக்கு இன்னும் ரெண்டு பல்லு விழுந்துடுச்சு. மேல, முன்னாடி. ஓடியாடினதுல எங்கயாவது இடிச்சிருப்பான். ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. துணி வச்சு அமுக்கிட்டு இருக்கேன். நீ வந்துடேன்."

"இடிச்சானா? நீ பாத்தியா?"

"பாக்கல. சும்மா உக்காந்து பாட்டைச் சொல்லிப் பாத்துட்டு இருந்தான். திடீர்னு வாயைப் பொத்திக்கிட்டான்."

மேல் முன்பற்கள் இரண்டு. அவள் கண் மேஜைக்குப் போனது. ரம்ப முனையோடு முளைத்திருந்தவையும் மேல் முன்பற்கள் இரண்டு. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே ஒன்று முளைக்க, அங்கே ஒன்று விழுகிறது.

"வரேன்," என்றாள். "இப்பவே கிளம்பறேன்க்கா. அவனைப் பேச விடாத. வாயைத் திறக்க விடாத."

பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். அச்சு இரண்டையும் தூக்கிக் குப்பைக் கூடையில் வீசினாள். மாடலைத் தொட மனசு வரவில்லை. விளக்கை அணைத்தாள். வெயில் மேஜையை விட்டு இறங்கி, தரையில் ஒரு பட்டையாகக் கிடந்தது. கதவுவரைக்கும் வந்துவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துவிட்டாள்.

டக்டக்டக்டக்.

வேகம் கூடியிருந்தது.

திரும்பாதே, என்றது புத்தி. குண்டு காத்துக்கொண்டிருக்கிறான், உயிரோடு இருக்கிற பிள்ளை, வாயில் துணியோடு. திரும்பினால் போச்சு. அதெல்லாம் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் பின்னால் ஒரு குழந்தைக்குக் குளிரெடுக்கிறது. அன்றைக்குச் சிட்டு கூப்பிட்டிருப்பாள். தண்ணீருக்குள்ளிருந்து அம்மா என்று வாயைத் திறந்திருப்பாள். அப்போது அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை முதுகைக் காட்டுவதா?

ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போய்விடலாம். அவ்வளவுதான். போர்த்திவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம்.

துண்டோடு குனிந்தாள். தொட்டாள்.

ஐஸ். விரல் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு ஐஸ். மத்தியானம் முழுக்க ஆறாமல் இருந்த சூடு எங்கே போனது? துண்டைச் சுற்றினாள். ஊதினாள். இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் வைத்து, மார்போடு அணைத்துத் தேய்த்தாள். ரவிக்கை நனைந்தது. குளோரின். பற்கள் அவள் மார்பெலும்பில் மோதி மோதி நடுங்கின. துண்டுக்கு அடங்குகிற குளிரா இது?

போன்.

எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது.

எடுத்தாள்.

"எங்கடி இருக்க?" அக்கா கதறினாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். மாமா வண்டியை எடுக்கறாரு. எந்தக் கிளினிக்கும் திறக்கலடி, எல்லாம் லீவு. மிச்சப் பல்லெல்லாம் ஆடுதுடி... தொட்டாலே வருது... நான் என்னடி பண்ணுவேன்!"

"அவன்கிட்டக் குடு."

சரசரப்பு. விம்மல். பிறகு குண்டு. பல்லில்லாத இடத்தில் சொற்கள் வழுக்கி விழுந்தன. "அம்மா, பாட்டு வரலம்மா."

"அழாதடா."

"எப்பம்மா வருவ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் கவனித்தாள். போன் மேஜை மேல் இருந்தது, ஸ்பீக்கரில். அவளுடைய இடது கையில் ரப்பர் கிண்ணம். வலது கையில் கரண்டி. கிண்ணத்தில் மாவு, பதமாக, கட்டியில்லாமல், குழைத்து முடித்திருந்தது. எப்போது குழைத்தாள்? அச்சு இரண்டும் அதிர்வுப் பெட்டியின் மேல் இருந்தன. எப்போது எடுத்துக் கழுவினாள்? கையைக் கேட்டால் கை சொல்லவில்லை.

கீழே வைக்கலாம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டால் போதும். அது ஒன்றுதான் அவள் செய்ய வேண்டியது.

டக்டக்டக்டக்டக்.

இறுகும்போது மாவு சூடேறும். கொஞ்ச நேரம்தான். கொஞ்ச நேரம் சிட்டு கதகதப்பாக இருப்பாள். அதற்குள் தூங்கிவிடுவாள்.

"அம்மா?"

"கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு," என்றாள். குரல் நடுங்கவே இல்லை. "அக்காவுக்குக் குளிருது."

மறுமுனையில் குண்டு, ரொம்பச் சின்னக் குரலில், "எந்த அக்காம்மா?"

அவள் கரண்டியைச் சாய்த்தாள். மாவு இறங்கியது. போனில் அவளுடைய அக்கா அலறினாள், யாரோ ஓடினார்கள், கார்க் கதவு அடித்தது, தரையில் சின்னச் சின்னதாக எதுவோ சிதறி உருளும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது.

மூன்றாவது மாடலைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே அச்சை விட்டு வெளியே வந்தது. முழு வாய். ஒரு இடைவெளிகூட இல்லை. அவள் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்க்க விரலை உள்ளே விட்டாள். சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. மேல்வாய் மெதுவாக இறங்கி, விரலைக் கவ்விக்கொண்டது, வலிக்காமல், பால்குடி மறக்காத குழந்தை மாதிரி. நடுக்கம் நின்றது.

போன் இன்னும் அணையவில்லை. அதற்குள் குண்டுவின் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, மெத்துமெத்தென்று, மோதிக்கொள்ள எதுவும் இல்லாமல்.

அவள் மற்றக் கையை நீட்டி, அச்சை எடுத்து, அடுத்த மாவுக்குத் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினாள்.